பேச வேண்டுமென்றால் ஒரு காய் வை

நீச்சல் தெரியாதவன்தான் கரையில் நின்றுகொண்டு "கையை இப்படி வீசு, காலை அப்படி உதை" என்று அதிகமாகக் கத்துவான். என் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிப் பழக வேண்டும் என்று சொல்லித்தரும் விளையாட்டு ஒன்றை நான் உருவாக்கிக்கொண்டிருந்த மாதங்களில், ஆபீசுக்கு வெளியே மனிதர்களோடு நான் பேசிய மொத்தப் பேச்சு இவ்வளவுதான்: "ஒரு கூடுவாஞ்சேரி." "சில்லறை இல்லண்ணா." "பார்சல்."

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, ஒரு அட்டையும் நான்கு பகடையும் இருந்தால் உலகத்தின் எந்தப் பிரச்சினையையும் தீர்த்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போது ஆறு பகடையாவது வேண்டும் என்று நினைக்கிறேன்.) அந்த நம்பிக்கைக்கு வேலை கொடுத்தவர் ஜெசிந்தா மேடம். ஆங்கில டீச்சராக இருந்தவர், அதை விட்டுவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சி நிறுவனம் நடத்திவந்தார். கடைகளிலும் கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பொறுமை, பணிவு, காது கொடுத்துக் கேட்பது, கூடி வேலை செய்வது இதெல்லாம் கற்றுத்தருவது அவர் தொழில். திரையில் முதல் ஸ்லைடு விழுந்ததும் வகுப்பே தூங்கிவிடுவது அவர் பிரச்சினை.

"ஸ்லைடெல்லாம் போதும் ஆல்வின். ஆட வச்சே கத்துக்கொடுக்கணும். சீரியஸ் கேம்ஸ்னு சொல்றாங்களே, அந்த மாதிரி நம்மளும்..."

"பண்ணிடலாம் மேடம்!" என்றேன், அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே. (காது கொடுத்துக் கேட்பதில் நான் அங்கேயே ஃபெயில். அவர் கவனிக்கவில்லை.)

இந்த வேலையை வீட்டில் விளக்குவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. "சீரியஸ்னா எப்படிடா கேம்? ஐசியூல வச்சு ஆடுவாங்களா?" என்று அத்தை போனில் கேட்டார். எங்கள் குடும்பம் வாத்தியார்கள் குடும்பம். ஞானஸ்நானம், திடப்படுத்தல், அதற்கடுத்து பி.எட். இதில் எதையும் விட்டுவிட்டு யாரும் கல்யாணம்வரை போனதில்லை. அப்பா கணக்கு, அம்மா வேதியியல். இருவரும் மாலத்தீவில் ஏதோ ஒரு குட்டித் தீவுப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா போனில் பேசுகிறவரே இல்லை. "சாப்டியா?" என்பார். "ம்" என்பேன். "அம்மாட்ட குடுக்கிறேன்." அவ்வளவுதான் அவருடைய கோட்டா. அப்படிப்பட்டவர் ஒருநாள் இரண்டு முழு வாக்கியம் பேசினார்.

"கிறிஸ்துமஸுக்குள்ள வேலை பெர்மனென்ட் ஆகணும். ஆகலேன்னா பி.எட்."

மேடமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். முதல் விளையாட்டு, முதல் வாடிக்கையாளர். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நான் பெர்மனென்ட். பிடிக்காவிட்டால் கரும்பலகை எனக்காகக் காத்திருந்தது.

நான் இருந்தது கூடுவாஞ்சேரியில், ரிட்டயர் ஆனதும் வந்து தங்குவதற்காக அப்பா கட்டிவைத்த வீட்டில். பெரிய அலங்கார வளைவு வைத்த மனைப்பிரிவு. எங்கள் தெருவுக்குத் தார் ரோடு உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, 'நான்காவது குறுக்குத் தெரு' என்று மஞ்சள் பலகை உண்டு. வீடுதான் ஒன்றே ஒன்று. எங்களுடையது. மற்ற மனைகளில் எண் எழுதிய கல் நட்டிருக்கும், அதில் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சாப்பாடு ஆர்டர் செய்தால் டெலிவரி அண்ணன் போன் செய்து, "சார், மேப்பு காட்ற எடத்துல வூடே இல்ல சார், ஆடுதான் மேஞ்சிகினு கீது" என்பார். "அந்த ஆட்டத் தாண்டி வாங்கண்ணா" என்பேன். அன்றைய தினத்தின் நீண்ட உரையாடல் அது.

இப்படிப்பட்ட நான்தான் பல்லாவரத்தில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டர் ஊழியர்களுக்குப் பேசக் கற்றுத்தரப் போகிறேன். அங்கே பட்டறைக்காரர் கவுண்ட்டரைத் திட்டுவார், கவுண்ட்டர் வாடிக்கையாளரைத் திட்டும், வாடிக்கையாளர் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போடுவார். மேனேஜருக்கு ரத்த அழுத்தம்.

நான் செய்த விளையாட்டின் பெயர் 'சேர்ந்து முடிப்போம்'. நான்கு பேர் ஆட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கஷ்டம் இருக்கும். ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், சீக்கிரம் கிளம்ப வேண்டும். இன்னொருவர் தப்பான பார்ட்ஸ் ஆர்டர் போட்டுவிட்டார், சொல்லப் பயம். நான்கு பேரும் பேசிப் பேசி, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் தெரிந்துகொண்டு, வேலையைப் பகிர்ந்து, சாயங்காலத்துக்குள் எல்லா வண்டிகளையும் டெலிவரி கொடுக்க வேண்டும்.

எந்த விளையாட்டையும் ஆடிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். நான்கு பேருக்கு நான் எங்கே போவது? கல்லூரி நண்பர்கள் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். ஆடுகளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியிருந்த நான்கு நாற்காலிகளிலும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். குழப்பம் வராமலிருக்க நாற்காலிகளுக்குப் பெயர் வைத்தேன். ஜன்னலோரம் ரேகா. எதிரில் வில்சன் சார். ஃபிரிட்ஜ் பக்கம் புதுசாக வேலைக்குச் சேர்ந்த பிரியா. சுவரோரம் சுதாகர். பெயர் வந்ததும் குரல் வந்தது. குரல் வந்ததும் குணம் வந்தது. சுதாகர் திருட்டு ஆட்டம் ஆடுகிறவன் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஒரு தடவை ரேகாவின் சீட்டை அவன் எட்டிப் பார்த்ததால் கோபம் வந்து, இரண்டு நாள் அந்த நாற்காலியில் நான் உட்காரவே இல்லை.

ஆட்டத்தில் ஒரே ஒரு சிக்கல். நான்கு பேரும் வாயை மூட மாட்டேனென்றார்கள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் அடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவன் நான். கதவைத் திறந்ததும் நாலு வாயும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். அதை அடக்கத்தான் அந்தப் பொன்னான விதியைக் கண்டுபிடித்தேன். ஆளுக்குப் பத்து கேரம் காய். பேச வேண்டுமென்றால் ஒரு காயை நடுவில் வைக்க வேண்டும். கடைசியில் யாரிடம் அதிகக் காய் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. வார்த்தையை அளந்து பேசப் பழகுவார்கள் பாருங்கள்! அப்படியும் என் ஆட்கள் காயைத் தண்ணீராகச் செலவழித்துப் பேசினார்கள். நால்வரும் ஒருவரை ஒருவர் அபாரமாகப் புரிந்துகொண்டார்கள். (புரியாமல்?)

ஒருநாள் சாயங்காலம் தண்ணி கேன் போடும் அண்ணன் கதவைத் தட்டினார். அப்போது வில்சன் சார் பிரியாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வூட்ல விருந்தாளிங்களா? ஒரே பேச்சு சத்தமா கீது."

"இல்லண்ணா, ஆபீஸ் வேலை."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேஜை மேல் நான்கு இடத்தில் நான்கு டம்ளர். நாற்காலிகள் காலி. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து கேனை கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

மேடமிடம், "நல்லா டெஸ்ட் பண்ணிட்டேன் மேடம், சூப்பரா போகுது" என்றேன். வெறும் நாற்காலி வைத்து ஆடியிருப்பான் என்று எந்த மேடத்துக்குத் தோன்றும்? அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த நாள் வந்தது. சர்வீஸ் சென்டரில் கவுண்ட்டரை ஒட்டிய கண்ணாடி அறையில், மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் மேஜை போட்டோம். பட்டறை ஃபோர்மேன் மூர்த்தி, பில் கவுண்ட்டர் ஷகிலா, வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் டில்லி, வண்டியை எடுத்துவந்து கொண்டுவிடும் கார்த்திக் என்று நான்கு பேர். ஓரத்தில் மேனேஜரும் ஜெசிந்தா மேடமும். நான் விதிகளை விளக்கினேன். விளக்கினேன் என்றால், மூச்சு விடாமல் ஒப்பித்தேன். முடித்ததும் டில்லி ஒரு காயை எடுத்து நடுவில் வைத்தான்.

"அப்போ வாய மூடிக்கினு இருந்தா காய் மிச்சம். மிச்சம் வச்சவன்தான் வின்னர். கரெக்டா சார்?"

"அது... வந்து... ஆமா."

மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூர்த்தி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். ஷகிலா தன் காய்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

அமைதி. அப்படியொரு அமைதியை அந்த சர்வீஸ் சென்டர் திறந்த நாளிலிருந்து கேட்டிருக்காது. ஏசியின் சத்தம் கேட்டது. என் வயிற்றுச் சத்தம் கேட்டது. மேடம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'யோசிக்கிறாங்க மேடம்' என்று நான் சைகை காட்டினேன். டீக்கடைக்காரர் தட்டோடு உள்ளே வந்து, "யாருக்கு சர்க்கர கம்மி?" என்று கேட்டார். பதில் இல்லை. மூர்த்தி ஒரு விரலை உயர்த்தினார். டீக்கடைக்காரர் பயந்துபோய் டீயை வைத்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து போவதுபோல் பின்னாலேயே நகர்ந்து போனார்.

அடுத்து ஹெல்மெட்டோடு ஒருவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"காலைலேர்ந்து போன் போடறேன், ஒருத்தன் எடுக்கல! என் வண்டி ரெடியா இல்லியா?"

டில்லி காயைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"இன்னா ஆட்டற? ரெடின்னு ஆட்டறியா, இல்லேன்னு ஆட்டறியா?"

டில்லி அன்போடு நெஞ்சில் கை வைத்தான்.

மேனேஜர் ஓடிவந்தார். "சாரி சார், சாரி. இவங்களுக்கு கம்யூனிகேஷன் ட்ரெயினிங் நடக்குது."

ஹெல்மெட்காரர் ஊமையாக உட்கார்ந்திருந்த நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார். "நடக்கட்டும் சார். நடத்துங்க. ரொம்ப அவசியம்."

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்த மேனேஜர், பல்லைக் கடித்தபடி என்னிடம் கேட்டார். "தம்பி, இந்த ஆட்டம் எப்ப முடியும்?"

விதித்தாளைத் திருப்பினேன். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஆட்டம் எப்போது முடியும் என்று நான் எழுதவே இல்லை. எழுதத் தோன்றவே இல்லை.

"பசிச்சதும் முடிஞ்சிடும் சார்."

"யாருக்குப் பசிச்சதும்?"

"எனக்கு."

அறை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். மூர்த்தி ஒரு காயை நடுவில் வைத்திருந்தார்.

"தம்பி, இத நீங்க யார் கூட ஆடிப் பாத்தீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் மூளை சாதாரணமாக எக்ஸ்பிரஸ் ரயில். அன்று பார்த்து சிக்னல் விழவில்லை. "நானேதாண்ணா. நாலு சேர்லயும் மாறி மாறி உக்காந்து" என்றேன்.

ஜெசிந்தா மேடம் கையால் நெற்றியை மூடிக்கொண்டார்.

டக். ஷகிலா. "வீட்டுல வேற யாருமில்லையாப்பா?"

"அம்மா அப்பா மாலத்தீவுல இருக்காங்கக்கா. வீட்டுல நான் மட்டும்தான்."

டக். மறுபடியும் ஷகிலா. "நைட்டு சாப்பாடு?"

"பார்சல்."

டக். டில்லி. "அந்த நாலு பேர்ல யார் சார் ஜெயிப்பா?"

"சுதாகர்." (பெயரைச் சொன்ன பிறகுதான், நாற்காலிக்குப் பெயர் வைத்த விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்தது.)

"போங்கு ஆட்டமா?"

"ஆமா."

"எல்லா எடத்துலயும் ஒருத்தன் இருப்பான் சார்" என்று மூர்த்தியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு காயை வைத்தான்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. டக், டக் என்று காய்கள் நடுவில் விழுந்துகொண்டே இருந்தன. தனியாக இருக்க பயமில்லையா, அந்தப் பக்கம் மழைத் தண்ணீர் நிற்குமா, உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னிடம் ஒரு காய்கூடக் கிடையாது, யாரும் கேட்கவுமில்லை. நடுவில் ஒரு தடவை, நாம் ரொம்ப நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

ஆட்டத்தில் ஜெயித்தது கார்த்திக். கடைசிவரை கண்ணையே திறக்கவில்லை. பத்துக் காயும் பத்திரம்.

மேனேஜர் எழுந்தார். "மேடம், என் ஸ்டாஃப் கஸ்டமர்ட்ட பேசணும்னு உங்கள கூப்பிட்டேன். கஸ்டமர் வந்தப்ப வாயத் தொறக்கல. இந்தத் தம்பிக்கிட்ட மட்டும் ஊர்க்கதை எல்லாம் கேட்டாங்க. இது ட்ரெயினிங்கா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

பல்லாவரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உயிரோட இருக்கிற நாலு பேர் கூட ஆடிக் காட்டு. அதுக்கப்புறம்தான் பெர்மனென்ட் பத்திப் பேசணும்" என்று மட்டும் சொன்னார். தாம்பரத்தில் இறங்கும்போது திரும்பி, "ஏன்டா, என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

உயிரோடு இருக்கிற நாலு பேர். போனில் தேடினேன். கேஸ், தண்ணி கேன், இன்டர்நெட் பழுது பார்ப்பவர், அத்தை. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு அந்த சர்வீஸ் சென்டர் நம்பருக்கே அடித்தேன். எடுத்தது மூர்த்தி. "ஞாயித்துக்கெழம லீவுதான். வூடு எங்க கீது சொல்லு" என்றார்.

"ஆட்டத் தாண்டி வாங்கண்ணா."

நால்வரும் வந்தார்கள். ஷகிலா அக்கா ஒரு பெரிய டிபன் கேரியரில் பிரியாணியோடு வந்தார். டில்லி உள்ளே நுழைந்ததுமே, "சுதாகர் சேர் எது சார்?" என்று கேட்டான். காட்டினேன். ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்த மூர்த்தி துள்ளி எழுந்து கார்த்திக்கை அதில் தள்ளிவிட்டார். சீட்டு கொடுத்தேன், காய் கொடுத்தேன். இந்த முறை விதி மாறியிருந்தது. அன்று கண்ணாடி அறையில் நடந்ததை அப்படியே விதியாக எழுதியிருந்தேன். அடுத்தவரைப் பற்றிக் கேட்கத்தான் காய் வைக்க வேண்டும். அந்தக் காய் பதில் சொல்கிறவருக்குப் போகும். யாராவது எழுந்து எல்லோருக்கும் டீ போட்டால் ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் சூடு பிடித்த பிறகு ஷகிலா அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீ ஏன்ப்பா நின்னுக்கிட்டே இருக்கே? உக்காரு."

நான் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். சுற்றிப் பார்த்தேன். உட்கார இடமில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக எல்லா நாற்காலியிலும் ஆள் இருந்தது. கணக்கில் ஒருவனை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். கூட்ட நேரத்து ரயிலில் அதை ஏற்றினேன். "தம்பி, கூடுவாஞ்சேரி வரைக்கும் சும்மாதான வருது" என்று ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்துவிட்டார். அவர் பக்கத்தில் நான் நின்றபடி வந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் வேலை பெர்மனென்ட் ஆனது. "கெடு தாண்டிருச்சு" என்று அப்பா கணக்கு வாத்தியாராகச் சுட்டிக்காட்டினார். பி.எட். விண்ணப்ப லிங்க் இப்போதும் வருடா வருடம் வருகிறது. நால்வரும் சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார்கள். பிறகு டில்லி ஒரகடத்தில் வேறு வேலைக்குப் போனான், ஷகிலா அக்காவின் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது, மழைக்காலம் வந்தது. யாரும் சண்டை போடவில்லை. வருவது மட்டும் குறைந்து, நின்றது. எதிரே ஒரு மனையில் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். ஆடுகள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன.

விடுமுறைக்கு வந்த அம்மா, "மூணு பேர் வீட்டுல அஞ்சாவது சேர் யாருக்குடா?" என்று கேட்கப்போய் முழுக் கதையும் வெளியே வந்துவிட்டது. பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அடுப்படிக்குப் போய்விட்டு வந்தார். அப்புறம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னார். கல்யாண வீட்டில் யார் மௌனமாக உட்கார்ந்திருந்தாலும், "காய் வச்சுட்டுப் பேசுடா" என்பதுதான் இப்போது எங்கள் குடும்பத்து ஜோக். அத்தை ஒருபடி மேலே போய், "சுதாகர் சௌக்கியமா?" என்பார்.

அப்பா மட்டும் அந்தக் கதைக்குச் சிரித்ததில்லை. ஆனால் போனில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேசுவதற்கு முன் விரலை மடக்கி மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். டக். "சாப்டியா?" டக். "என்ன சாப்ட?" கோட்டா இரண்டாகியிருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் போன் வந்தது. சாப்பாடு விசாரணை முடிந்தது. அம்மாவிடம் போன் போகும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் இன்னொரு டக் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. தூரத்தில் கடல் இரைகிற சத்தம் மட்டும்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றார். "காய் வச்சுட்டேன். என்ன கேக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன். வச்சிடாத."